குளோனிங் பிரைமர் வேறெங்கும் ஒட்டாதா? ஆர்டர் போடும் முன் பார்க்க வேண்டியவை, வரிசைப்படி

குளுவாங்கைச் சுற்றி எந்தப் பக்கம் போனாலும் செம்பனைத் தோட்டம்தான். இங்கே ஆய்வுக்கூடத்துக்குப் பயிற்சிக்கு வரும் பிள்ளைகளில் பலர் தோட்டத்தில் வளர்ந்தவர்கள். பழத்தைக் குறுக்கே வெட்டிக் கொடுத்தால் போதும்: கொட்டையின் ஓடு தடிப்பாக இருந்தால் டூரா, மெல்லிய ஓடும் அதைச் சுற்றி நார் வளையமும் இருந்தால் டெனெரா, ஓடே இல்லையென்றால் பிசிஃபெரா என்று தயங்காமல் சொல்வார்கள். அந்த ஓட்டைத் தீர்மானிக்கும் ஷெல் மரபணுவைக் குளோன் செய்யச் சொன்னால்தான், அதாவது நகலெடுத்து ஒரு வெக்டரில் (மரபணுவைச் சுமக்கும் டிஎன்ஏ) செருகச் சொன்னால்தான், தடுமாற்றம் தொடங்குகிறது. பெரும்பாலும் தடுமாறும் இடம் பிரைமர்: நகலெடுப்பு எங்கே தொடங்க வேண்டும் என்று காட்டும் சிறிய டிஎன்ஏ துண்டு.

சாதாரண பிசிஆரில் (டிஎன்ஏ துண்டைப் பெருக்கும் முறை) ஒரு பிரைமர் சரிப்படவில்லை என்றால் ஐம்பது பேஸ் (டிஎன்ஏ எழுத்து) தள்ளி வேறொன்றை எடுத்துக்கொள்ளலாம். முழு மரபணுவையும் குளோன் செய்யும்போது அப்படி நகர முடியாது. தொடக்கத்தில் ஏடிஜி என்ற தொடக்கக் குறி, முடிவில் ஸ்டாப் கோடான் என்ற நிறுத்தக் குறி. பிரைமர் அங்கேதான் உட்கார வேண்டும். அந்த இடம் மோசமாக இருந்தாலும் அதுதான் இடம். அதனால் குளோனிங் பிரைமரைச் சோதிக்கும்போது "இது தனித்துவமானதா?" என்று மட்டும் கேட்டால் போதாது. "இல்லையென்றால் எதைக் கொண்டு ஈடுகட்டுவது?" என்பதற்கும் ஆர்டர் போடும் முன்பே பதில் வைத்திருக்க வேண்டும். கீழே உள்ள வரிசை அதற்காகத்தான்.

1. உட்காரும் முன் கையில் இருக்க வேண்டியவை

நான்கு சீக்வென்ஸ்கள் (எழுத்து வரிசைகள்) வேண்டும். மரபணுவின் குறியீட்டுப் பகுதி. அதன் இரு புறமும் குறைந்தது 200 பேஸ் நீளத்துக்கு யுடிஆர் (புரதமாக மாறாத ஓரப் பகுதி). இன்ட்ரான்களோடு (எம்ஆர்என்ஏவில் வெட்டி நீக்கப்படும் இடைத்துண்டுகள்) கூடிய ஜீனோம் பகுதி. நீங்கள் பயன்படுத்தப்போகும் வெக்டரின் முழு சீக்வென்ஸ்.

பலர் குறியீட்டுப் பகுதியை மட்டும் நகலெடுத்துக்கொண்டு வந்து உட்காருவார்கள். ஏழாம் படியில் யுடிஆர் இல்லாமல் நகர முடியாது. அப்போது தேடத் தொடங்கினால் வேறொரு பதிப்பிலிருந்து எடுத்துவிடுவீர்கள், எண்கள் ஒன்றோடொன்று பொருந்தாது. எல்லாவற்றையும் ஒரே ஜீனோம் பதிப்பிலிருந்து எடுத்து, அக்செஷன் எண்ணை (தரவுத்தளப் பதிவு எண்) கோப்பின் பெயரிலேயே எழுதி வையுங்கள்.

2. டியூபில் என்ன இருக்கிறது என்று எழுதுங்கள்

பிரைமர் தனித்துவமானதா என்ற கேள்விக்குப் பொதுவான பதில் கிடையாது. எந்த டிஎன்ஏவோடு கலக்கப்போகிறீர்களோ, அதற்குள் மட்டுமே அந்தக் கேள்விக்குப் பொருள் உண்டு.

இலையிலிருந்து எடுத்த டிஎன்ஏ என்றால் அதில் உட்கரு டிஎன்ஏவோடு குளோரோபிளாஸ்ட் டிஎன்ஏ ஏராளமாக இருக்கும், மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏவும் இருக்கும். இளங்காயின் ஆர்என்ஏவிலிருந்து செய்த சிடிஎன்ஏ என்றால் அந்தத் திசுவில் இயங்கும் மரபணுக்களும், சரியாகச் சுத்தம் செய்யாவிட்டால் கொஞ்சம் ஜீனோம் டிஎன்ஏவும் இருக்கும். பிளாஸ்மிட் (பாக்டீரியாவில் வளர்த்த வட்ட டிஎன்ஏ) என்றால் வெக்டரும், கூடவே வரும் ஈ. கோலை ஜீனோமும். அந்த ஜீனோம் சுமார் 46 லட்சம் பேஸ். தண்டின் அடியிலோ வேரிலோ எடுத்த மாதிரி என்றால் அடித்தண்டு அழுகலை உண்டாக்கும் கேனோடெர்மா பூஞ்சையும் சேர்ந்து வந்திருக்கலாம்.

இந்தப் பட்டியல்தான் நீங்கள் தேட வேண்டிய தரவுத்தளம். இதைவிடக் குறைவாகத் தேடினால் ஆபத்து, கூடத் தேடினால் குழப்பம். உலகத்து உயிர்கள் அனைத்துக்கும் எதிராகத் தேடிவிட்டு, ஏதோ ஒரு மீனில் பொருந்துகிறது என்று நல்ல பிரைமரைத் தூக்கிப்போட்ட பிள்ளைகளும் உண்டு. மீன் டிஎன்ஏ டியூபில் இல்லையென்றால் அந்தப் பொருத்தத்தால் ஒரு பாதிப்பும் இல்லை.

3. பிரைமரை இரண்டாகப் பிரியுங்கள்

குளோனிங் பிரைமருக்கு இரண்டு பகுதிகள். 3-முனையில் (நீட்டல் நடக்கும் கடைசி முனை) மரபணுவோடு ஒட்டும் பகுதி, வழக்கமாக 18 முதல் 25 பேஸ். 5-முனையில் (தொடக்க முனை) வால்: ரெஸ்ட்ரிக்‌ஷன் தளம் (என்சைம் வெட்டும் வரிசை), அதற்கு வெளியே என்சைம் பிடித்துக்கொள்ள ஓரிரண்டிலிருந்து ஆறு பேஸ் வரை. ஆறு வைத்தால் பெரும்பாலான என்சைம்களுக்குப் போதும்.

தேடலுக்கு ஒட்டும் பகுதியை மட்டும் கொடுங்கள். வாலோடு சேர்த்துக் கொடுத்தால் உங்கள் சொந்த மரபணுவே அரைகுறைப் பொருத்தமாகத் தெரியும், அதற்குக் கீழே உள்ள முடிவுகளை எதனோடு ஒப்பிடுவது என்று புரியாமல் போகும். டிஎம் (ஒட்டிய பிரைமர்களில் பாதி பிரிந்துவிடும் வெப்பநிலை) கணக்கிடுவதும் இந்தப் பகுதிக்கு மட்டும்தான். முதல் சில சுழற்சிகளில் ஒட்டுவது இதுதான், வாலுக்கு அப்போது டெம்ப்ளேட்டில் (நகலெடுக்கப்படும் டிஎன்ஏ) ஜோடி இல்லை. இரண்டு பிரைமர்களின் டிஎம்மும் 3 டிகிரிக்குள் இருக்கட்டும்.

இதை முடித்த பிறகு முழுப் பிரைமரையும் ஒரு தடவை தேடிப் பாருங்கள். வாலின் கடைசி எழுத்துகள் வேறொரு இடத்தில் தற்செயலாகப் பொருந்தினால் அங்கே பிடிப்பு கூடிவிடும். தன்னோடு தான் ஒட்டுவது, வளைந்துகொள்வது இரண்டையும் முழு நீளத்தில்தான் பார்க்க வேண்டும்.

ஈகோ-ஆர்-1 தளம் ஜி-ஏ-ஏ-டி-டி-சி. எதிர் இழையிலும் அதுவேதான். ஆகவே அதை வைத்த எந்தப் பிரைமருக்கும் "தன்னோடு ஒட்டுகிறது" என்ற எச்சரிக்கை வரத்தான் செய்யும். அந்த ஒட்டல் 5-முனைப் பக்கத்தில் இருந்தால் விட்டுவிடுங்கள். 3-முனையும் அதில் மாட்டிக்கொண்டால்தான் பிரைமர் தன்னையே நகலெடுக்கும். அப்போது தளத்தை மாற்றுங்கள்.

அதே தளம் மரபணுவின் நடுவிலும் இருக்கிறதா என்று இந்தக் கட்டத்திலேயே பாருங்கள். பிரைமர் வந்து சேர்ந்த பிறகு தெரிந்தால் திரும்ப ஆர்டர்தான்.

4. ஒரு சின்னக் கணக்கு

செம்பனை ஜீனோம் சுமார் 180 கோடி பேஸ். இரு இழைகளும் சேர்த்து 360 கோடி இடங்கள். நான்கு எழுத்துகளில் 12 பேஸ் நீளச் சொற்கள் சுமார் 1.68 கோடி. வகுத்துப் பாருங்கள்: உங்கள் பிரைமரின் கடைசி 12 பேஸ், வெறும் தற்செயலாகவே ஏறத்தாழ 215 இடங்களில் அப்படியே இருக்கும். 16 பேஸ் என்றால் ஒன்றுக்கும் கீழே. 20 பேஸ் என்றால் அநேகமாக எங்கும் இல்லை.

ஒரு பிரைமர் 215 இடத்தில் தொற்றிக்கொள்ளலாம் என்றதும் பயம் வரும். ஆனால் பேண்ட் (ஜெல்லில் தெரியும் டிஎன்ஏ கோடு) உருவாக இரண்டு பிரைமர்கள் எதிரெதிராக, 4,000 பேஸ் தூரத்துக்குள் ஒட்ட வேண்டும். தற்செயலாக அப்படி அமைய இருபதில் ஒரு வாய்ப்புதான், அதுவும் 12 பேஸ் பிடிப்பு போதும் என்று வைத்துக்கொண்டால்.

ஆகவே தற்செயலைக் கண்டு மிரள வேண்டாம். நம்மைக் கெடுப்பவை உறவுக்கார மரபணுக்கள்தான். ஒரே குடும்பத்து மரபணுக்களில் இரண்டு பிரைமர் தளங்களும் ஒரே இடைவெளியில், ஒரே திசையில் இருக்கும். அங்கே தற்செயல் கணக்கு செல்லாது.

5. தேடல்: எந்தப் பெட்டியில் என்ன

அமெரிக்காவின் உயிரித் தகவல் மையமான என்சிபிஐயின் பிரைமர்-பிளாஸ்ட் என்ற இணையத் தேடல் கருவியில் இரண்டு பிரைமர்களையும் ஜோடியாகக் கொடுங்கள். டெம்ப்ளேட் பெட்டியில் சீக்வென்ஸை ஒட்டுவதைவிட அக்செஷன் எண்ணைக் கொடுப்பது நல்லது. எது உங்கள் இலக்கு, எது வேண்டாத இடம் என்று கருவி பிரித்தறிய அது உதவும். உயிரினப் பெட்டியில் எலேயிஸ் கினியென்சிஸ் (செம்பனையின் அறிவியல் பெயர்).

தரவுத்தளத்தை இரண்டாம் படிப் பட்டியல் சொல்லும். ஜீனோம் டிஎன்ஏ என்றால் ஜீனோம் தரவுத்தளம். சிடிஎன்ஏ என்றால் எம்ஆர்என்ஏ தரவுத்தளத்தில் ஒரு தடவை, ஜீனோமில் ஒரு தடவை. எம்ஆர்என்ஏவில் மட்டும் தேடிவிட்டு இலை டிஎன்ஏவோடு பிசிஆர் போடுவது மிகவும் பரவலான பிழை. இன்ட்ரானுக்குள் ஒட்டும் இடம் அந்தத் தேடலில் தெரியவே தெரியாது.

பொருந்தாத பேஸ் எண்ணிக்கையைக் கேட்கும் பெட்டிகளை முதலில் அப்படியே விடுங்கள். கருவி தானாக வைத்திருப்பது: வேண்டாத இடத்தோடு குறைந்தது 2 பேஸாவது பொருந்தாமல் இருக்க வேண்டும், 3-முனையின் கடைசி 5 பேஸுக்குள்ளும் குறைந்தது 2 இருக்க வேண்டும். விளைபொருளின் அதிகபட்ச நீளம் 4,000. இன்ட்ரான் நீளமான மரபணு என்றால் இந்த எல்லையைக் கூட்டிப் பாருங்கள். நீளமாக நகலெடுக்கும் பாலிமரேஸ் என்சைம்கள் 4,000-ல் நின்றுவிடுவதில்லை.

சாதாரண பிளாஸ்ட்டில் தேடுபவர்கள் கவனிக்க வேண்டியது வேர்ட் சைஸ், அதாவது தேடல் தொடங்கத் தொடர்ந்து பொருந்த வேண்டிய பேஸ் எண்ணிக்கை. "அக்கா, பிளாஸ்ட்ல ஒன்னுமே வரலக்கா, அப்ப இது நல்ல பிரைமர்தானே?" என்று சந்தோஷமாக வருவார்கள். பிளாஸ்ட்டின் வழக்கமான வகையான மெகாபிளாஸ்ட் தொடங்கவே 28 பேஸ் தொடர்ந்து பொருந்த வேண்டும். 20 பேஸ் பிரைமருக்கு அதில் விடை வர வழியே இல்லை. உங்கள் சொந்த மரபணுகூட வரவில்லை என்றால் தேடல்தான் தவறு, பிரைமருக்கு நற்சான்று கிடைத்ததாக எடுத்துக்கொள்ளக் கூடாது. வேர்ட் சைஸை 7 ஆக்குங்கள், ஈ-வேல்யூ (தற்செயலாகவே எதிர்பார்க்கக்கூடிய பொருத்தங்களின் எண்ணிக்கை) எல்லையை 1000 ஆக்குங்கள், லோ-காம்ப்ளெக்சிட்டி வடிகட்டியை (ஒரே எழுத்துகள் திரும்பத் திரும்ப வரும் பகுதிகளை மறைப்பது) அணையுங்கள். கட்டளை வரியில் என்றால் பிளாஸ்ட்-என்-ஷார்ட் என்ற வகை வேர்ட் சைஸை 7 ஆக வைத்துக்கொள்ளும், ஈ-வேல்யூவையும் வடிகட்டியையும் நீங்களே குறிப்பிடுங்கள்.

6. முடிவை வாசிப்பது

இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும். பட்டியலின் மேலே இருக்கும் மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டு மூடிவிடாதீர்கள்.

முதலில் உங்கள் மரபணு முழு நீளத்துக்கும் பொருந்தி, எதிர்பார்த்த நீளத்தில் வந்திருக்கிறதா? அது இல்லாமல் மற்றவற்றை வாசிப்பதில் பயனில்லை.

அடுத்து, ஒவ்வொரு வேண்டாத முடிவிலும் 3-முனையைப் பாருங்கள். பாலிமரேஸ் நீட்டத் தொடங்குவது அங்கிருந்துதான். 20-ல் 17 பேஸ் பொருந்தும் இடம், பொருந்தாத மூன்றும் 5-முனையில் இருந்தால் ஆபத்தானது. 20-ல் 17 பொருந்தியும் பொருந்தாத மூன்றும் 3-முனையில் இருந்தால் பெரிதாகக் கவலைப்பட வேண்டாம். இரண்டுக்கும் சதவீதம் ஒன்றே.

இன்னொன்று. சாதாரண பிளாஸ்ட் பொருந்தும் துண்டை மட்டும் காட்டும், ஓரங்களை வெட்டிவிடும். 20 பேஸ் கொடுத்து "1 முதல் 16 வரை பொருத்தம்" என்று வந்தால் 17 முதல் 20 வரை என்ன ஆனது என்று நீங்கள்தான் சீக்வென்ஸைத் திறந்து பார்க்க வேண்டும். பிரைமர்-பிளாஸ்ட் முழு நீளத்தையும் ஒப்பிட்டுக் காட்டும். குளோனிங்குக்கு நான் அதை முதலில் சொல்வது இதனால்தான்.

ஈ-வேல்யூவை விட்டுவிடுங்கள். இவ்வளவு சின்ன சீக்வென்ஸுக்கு அது எப்போதும் பெரிதாகத்தான் இருக்கும்.

பிறகு ஜோடி. இரண்டு பிரைமர்களும் எதிரெதிர் இழைகளில், ஒன்றையொன்று நோக்கி இருக்கின்றனவா? ஒரே பிரைமர் இரு பக்கமும் ஒட்டிப் பேண்ட் தருவதும் உண்டு. ஃபார்வர்டும் (ஏடிஜி பக்கத்துப் பிரைமர்) ஃபார்வர்டும் சேர்ந்த விளைபொருளைப் பட்டியலில் கண்டால் தாண்டிப் போகாதீர்கள்.

புதியவர்கள் அதிகம் பயப்படுவது ஒரே பெயர் நான்கைந்து முறை வருவதைப் பார்த்துத்தான். எக்ஸ்-1, எக்ஸ்-2 என்று வருபவை ஒரே மரபணுவின் வெவ்வேறு ஸ்பிளைஸ் வடிவங்கள் (வெவ்வேறு விதமாக வெட்டி ஒட்டப்பட்ட எம்ஆர்என்ஏக்கள்). எல்ஓசி எண் (மரபணுவின் அடையாள எண்) ஒன்றா என்று பாருங்கள். ஒன்று என்றால் அது உங்கள் மரபணுதான். ஆனால் உங்கள் திசுவில் எந்த வடிவம் இருக்கிறதோ அதுதான் குளோனாக வரும் என்பதை நினைவில் வையுங்கள். எல்ஓசி எண் வேறு, பெயர் மட்டும் ஒத்திருக்கிறது என்றால் அது உறவுக்கார மரபணு. சிவப்பு மையில் குறியுங்கள்.

7. நகர்த்த முடியாத பிரைமர்: ஷெல் மரபணுவின் கதை

ஷெல், மற்ற மரபணுக்களைக் கட்டுப்படுத்தும் மேட்ஸ்-பாக்ஸ் குடும்பத்து மரபணு. இந்தக் குடும்பத்தின் அடையாளமே புரதத்தின் தொடக்கத்தில் இருக்கும் சுமார் 60 அமினோ அமிலப் பகுதி. மெத்தியோனின், கிளைசின், ஆர்ஜினின், கிளைசின், லைசின் என்று தொடங்கும் வரிசையைக் குடும்பத்தின் பெரும்பாலான உறுப்பினர்களில் பார்க்கலாம். உங்கள் ஃபார்வர்ட் பிரைமர் உட்கார வேண்டிய ஏடிஜி சரியாக அந்த இடத்தில் இருக்கிறது. எந்த நீளத்தில் எடுத்தாலும் உறவுகள் வரிசையாக வரும்.

இங்கே மூன்று வழிகள்.

ரிவர்ஸ் பிரைமரை வலுவாக்குவது முதல் வழி. இந்தக் குடும்பத்தில் புரதத்தின் கடைசிப் பகுதி மிகவும் வேறுபடும். ஸ்டாப் கோடான் பக்கம் உள்ள பிரைமர் அநேகமாகத் தனித்துவமாகவே அமையும். ஒரு பிரைமர் மட்டும் உறவுகளில் ஒட்டினால் அந்த இழை சுழற்சிக்கு ஒன்றாக மெல்ல வளரும், இரட்டிப்பாகாது. ஜோடியில் ஒன்றாவது உறுதியாக இருக்க வேண்டும் என்பது இதனால்தான்.

இரண்டாவது, நான் பெரும்பாலும் செய்யச் சொல்வது: இரண்டு சுற்றுப் பிசிஆர். முதல் சுற்றில் யுடிஆரில் உட்காரும் வெளிப் பிரைமர்கள், வால் எதுவும் இல்லாமல். யுடிஆர் குடும்பத்துக்குப் பொதுவானதல்ல. அங்கே இடத்தை நகர்த்தித் தேர்ந்தெடுக்கும் சுதந்திரமும் உண்டு. 15 முதல் 20 சுழற்சி போதும். கூட்டினால் பிழைகளும் கூடும். அதை நூறு மடங்கு நீர்த்து, அதிலிருந்து ஒரு மைக்ரோலிட்டரை எடுத்து வாலுள்ள குளோனிங் பிரைமர்களோடு இரண்டாம் சுற்று. இப்போது டியூபில் இருப்பது பெரும்பாலும் உங்கள் மரபணு மட்டுமே. ஃபார்வர்ட் பிரைமருக்கு ஒட்ட உறவுகள் அதிகம் மிச்சமில்லை. வெளிப் பிரைமர்களுக்கும் ஐந்தாம், ஆறாம் படிகளைத் தவறாமல் செய்யுங்கள். முழுப் பாரமும் அவற்றின் மேல்தான்.

மூன்றாவது, டெம்ப்ளேட்டை மாற்றுவது. சிடிஎன்ஏ எடுத்தால் அந்தத் திசுவில் இயங்காத உறவுகள் டியூபிலேயே இருக்காது. ஷெல்லுக்கு இளங்காய் வேண்டும். கைக்கு எட்டுகிறது என்று இலையைப் பறித்து வந்து ஆர்என்ஏ எடுத்தால் தேடும் பொருளே அதில் இருக்காமல் போகலாம், உறவுகள் மட்டும் இருக்கும்.

8. மரத்துக்கு மரம் வேறுபடும் எழுத்துகள்

ஷெல் மரபணுவைக் கண்டறிந்த ஆய்வு 2013-ல் வெளிவந்தது. அதில் கண்ட, ஓடில்லாத வடிவத்துக்குக் காரணமான இரண்டு தனித்தனி மாற்றங்களும் அந்த மேட்ஸ்-பாக்ஸ் பகுதிக்குள்தான் இருக்கின்றன. டெனெரா மரத்தில் ஓடுள்ள வடிவம் ஒன்றும் ஓடில்லாத வடிவம் ஒன்றும் சேர்ந்திருக்கும்.

பிரைமரின் 3-முனை அப்படிப்பட்ட ஓர் எழுத்தின் மேல் விழுந்தால் ஒரு வடிவம் மட்டுமே பெருகும். மரத்தில் இரண்டு இருந்தும் எல்லாக் காலனியிலும் (குளோனைத் தாங்கிய பாக்டீரியாத் திட்டு) ஒன்றே வரும். தரவுத்தளத்தில் இருப்பது ஒரு மரத்தின் ஜீனோம், நீங்கள் மாதிரி எடுத்தது வேறு மரம். அறியப்பட்ட மாற்றங்களை வரைபடத்தில் குறித்து, பிரைமரை அதிலிருந்து விலக்கி வையுங்கள்.

9. பாலிமரேஸை மறக்காதீர்கள்

குளோனிங்குக்குப் பிழை திருத்தும் ஹை-ஃபிடெலிட்டி பாலிமரேஸைத்தான் பயன்படுத்துவோம். அது பின்னோக்கிக் கடித்துத் திருத்தும் தன்மை உள்ளது. பொருந்தாத 3-முனையைக் கண்டால் அந்த எழுத்தை வெட்டிவிட்டு நீட்டிவிடும். பிழை திருத்தாத சாதாரண டாக் பாலிமரேஸில் 3-முனைப் பொருத்தமின்மை தரும் பாதுகாப்பு இங்கே அவ்வளவு கிடைக்காது.

ஆகவே கடைசியில் ஓர் எழுத்து மட்டும் வேறுபடுவதை நம்பி உறவுக்காரரை ஒதுக்காதீர்கள். 3-முனைப் பக்கம் இரண்டு மூன்றும், நடுவில் சிலவும் வேறுபட வேண்டும்.

ஒட்டும் வெப்பநிலையை அந்தந்தப் பாலிமரேஸ் நிறுவனத்தின் கணிப்பானில்தான் கணக்கிட வேண்டும். டாக்குக்குப் பழகிய "டிஎம்மில் 5 டிகிரி குறை" என்ற வழக்கத்தை இங்கே கொண்டுவந்தால் வேண்டாத பேண்டுகள் வரும். முதல் 5 சுழற்சிக்கு ஒட்டும் பகுதியின் வெப்பநிலை, மீதிக்கு வாலும் சேர்ந்த நீளத்துக்கேற்ற உயர்ந்த வெப்பநிலை என்று இரண்டாகப் பிரித்தால் இன்னும் சுத்தமாக வரும்.

10. பிரைமர் வந்த பிறகு

முதல் ஓட்டம் கிரேடியன்ட்: ஒரே கலவையைப் பல ஒட்டும் வெப்பநிலைகளில் ஓட்டுவது. டெம்ப்ளேட் இல்லாத டியூப் ஒன்று கட்டாயம். பேண்ட் தரும் மிக உயர்ந்த வெப்பநிலையைத் தேர்ந்தெடுங்கள், மிகப் பளிச்சென்று தெரியும் பேண்டை அல்ல.

ஜெல்லில் ஒரே பேண்ட் வந்தால் ஒரே மரபணு என்று பொருளல்ல. உறவுகளின் நீளமும் ஏறத்தாழ இதேதான். 20, 30 பேஸ் வேறுபாடு 1% ஜெல்லில் கண்ணுக்குத் தெரியாது. பேண்டை வெட்டிச் சுத்தம் செய்து, ஒரு பகுதியை நேரடியாகச் சீக்வென்சிங்குக்கு அனுப்புங்கள். ஓரிடத்தில் மட்டும் இரட்டைச் சிகரம் (ஒரே இடத்தில் இரண்டு எழுத்துகள்) தெரிந்தால் அது டெனெராவின் இரு வடிவங்களாக இருக்கலாம். நெடுக இரட்டைச் சிகரம் என்றால் இரண்டு மரபணுக்கள் கலந்திருக்கின்றன அல்லது நீளம் மாறிய வடிவம் ஒன்று கூட இருக்கிறது. ஏழாம் படிக்குத் திரும்புங்கள்.

காலனிகள் வந்த பிறகு மூன்று நான்கையாவது வெக்டர் பிரைமர்கள் கொண்டு இரு பக்கமிருந்தும் வாசியுங்கள். ஒப்பிடும்போது ஓரங்களைப் பார்க்காதீர்கள். பிசிஆர் விளைபொருளின் இரு முனைகளிலும் இருப்பது பிரைமரின் சொந்த எழுத்துகள். உறவுக்கார மரபணுவைக் குளோன் செய்திருந்தாலும் முனை இரண்டும் ஷெல் போலவே தெரியும், ஏடிஜி கச்சிதமாக இருக்கும், ஸ்டாப் கோடானும் இருக்கும். இரண்டு பிரைமர் பகுதிகளையும் வெட்டிவிட்டு, நடுப்பகுதியை மட்டும், குறிப்பாக மேட்ஸ்-பாக்ஸைத் தாண்டிய பின்பாதியை, ஷெல்லோடும் ஆறாம் படியில் சிவப்பு மையில் குறித்த ஒவ்வோர் உறவோடும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். ஷெல்லோடு பொருந்தும் காலனியை மட்டும் எடுத்து கிளிசராலில் சேமியுங்கள்.